உப்புத் தண்ணீரில் எரியும் விளக்கு

பஸ், சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் முடிந்து வீடு வந்து இரண்டு நாள் ஆகிறது. கண்ணை மூடினால் அந்த விளக்குத்தான் நிற்கிறது. ஆனாலும் பஸ்காரரை விட மாட்டேன்.

வவுனியாவில் ஏறிய தனியார் பஸ்ஸை மாங்குளத்தில் முக்கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தி ஆட்களைத் திணித்தார்கள். கைக்குழந்தைகள் கதறின. திருவிழா என்று 100 ரூபாய் கூடுதலாக வாங்கிய நடத்துநர் டிக்கெட்டும் தரவில்லை. பக்கத்தில் ஒரு ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எண்ணிக் கொடுத்தார். நேர்த்தி வைக்கப் போகிறவர்களிடம் இப்படிப் பறிப்பது அநியாயம்.

முள்ளியவளையில் இறங்கினால் ஓட்டோவுக்கு 1,500 ரூபாய் கேட்டார்கள். நாலைந்து கிலோமீற்றர்தான்! நடந்தேன். வழிநெடுகத் தாகசாந்திப் பந்தல்கள். இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்ட மோரை நான் ஒரே மூச்சில் குடித்ததைப் பார்த்து, "இன்னும் ஒரு செம்பு குடி ராசா" என்றார் ஒரு அம்மா. மதியம் அன்னதானத்தில் பூசணிக்காய்க் கறி. எந்தக் கடையிலும் காசு கொடுத்து அப்படி ஒன்றைச் சாப்பிட்டதில்லை.

மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் என்பதால் பத்தாம்பளை. அது மருவி வற்றாப்பளை ஆனது என்பார்கள். நந்திக்கடல் கரையில் மேய்ச்சலுக்கு வந்த சிறுவர்களிடம் அவள் கிழவியாக வந்து பசிக்கிறது என்றாளாம். பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டியதும் விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரை ஊற்றி ஏற்றுங்கள் என்றாள், எரிந்தது. இன்றும் வைகாசியில், பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த நீரில் விளக்கு எரிக்கிறார்கள். பிறகுதான் வற்றாப்பளைக்குக் கொண்டுவருகிறார்கள். நோய் மாற நேர்ந்தவர்கள் பாற்செம்பும் காவடியுமாகத் திரள்கிறார்கள்.

எனக்கு அந்தக் கடல் வேறு. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்கள், எனக்கு ஒன்பது வயது. முள்ளிவாய்க்கால் மணலில் நாங்கள் தோண்டிய குழியில் ஊறியது உப்புத் தண்ணீர். அம்மா அதைச் சேலைத் தலைப்பில் வடித்துத் தந்தார். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. பிறகு வட்டுவாகல் பாலத்தால் நடந்து வந்தோம். அப்பா வரவில்லை. அதன் பின் அம்மா கடற்கரைக்குப் போனதே இல்லை. கறியில் உப்பு ஒரு கல் கூடினாலும் தட்டை நகர்த்திவிடுவார். இந்த ஆண்டு அவரே சொன்னார்: "நான் வரமாட்டேன் தம்பி. நீ போய் விளக்கைப் பார்த்துவிட்டு வந்து சொல்லு."

இரவு வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். ஒரு சின்னச் சுடர், அவ்வளவுதான். சனத்தின் மூச்சுக்காற்றில் சாய்கிறது, திரும்ப நிமிர்கிறது. எங்கள் நாக்கை வெடிக்கவைத்த அதே தண்ணீர் அங்கே எண்ணெயாக நின்றது. எப்படி எரிகிறது என்று நான் ஆராயப் போவதில்லை. பதினைந்து வருடங்களுக்கு மேலாக அந்த உப்பைச் சாவின் ருசியாகவே நாக்கில் வைத்திருந்தேன். அந்த இரவில்தான் அதை வெளிச்சமாகப் பார்த்தேன். வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் நின்றவர் எதுவும் கேட்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கையும் நடுங்கியது.

விடியப் பொங்கல் வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது.

வீட்டில் திருநீற்றையும் வேப்பிலையையும் அம்மாவின் கையில் வைத்தேன்.

"அது எந்தக் கடல் தண்ணீர்?"

"நம்முடைய முல்லைத்தீவுக் கடல்தான், அம்மா."

வேப்பிலையைச் சேலைத் தலைப்பில் முடிந்தபடி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மாங்குளத்தில் நிறுத்திவைக்காத பஸ் ஏதும் இல்லையா?" என்று கேட்டார்.