விரலும் குரலும்

சென்ற தவணையின் இரண்டாவது கிழமையில், தரம் இரண்டில் படிக்கும் ஒரு பையனை என் மேசைக்கு அருகில் அழைத்து, அவன் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த சிறிய செபப் புத்தகத்தில் பரலோக மந்திரத்தை வாசிக்கச் சொன்னேன். அவன் சுட்டுவிரலை முதல் வரியில் ஊன்றி, ஒரு சொல்லும் பிசகாமல், கோயிலில் பெரியவர்கள் சொல்லும் அதே இராகத்தில் சொல்லிக்கொண்டு போனான். கேட்கக் கேட்க மனம் குளிர்ந்தது. ஆனால் அவன் குரல் 'ஆமென்' என்று முடிந்தபோது, அவன் விரல் இன்னும் இரண்டு வரிகளுக்கு மேலே, 'உணவை' என்ற சொல்லின் மீது நின்றது. அவன் அதைக் கவனிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

பத்தொன்பது ஆண்டுகளாக ஆரம்பப் பிரிவில் கற்பித்து வருகிறேன். அதில் பெரும்பகுதி முல்லைத்தீவுக் கரையோரத்திலுள்ள கத்தோலிக்கப் பாடசாலைகளில் கழிந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்ற பிறகும், எங்கள் பாடசாலைகளின் பெயர்களில் 'றோ.க.த.க.' (றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன்) என்ற நான்கு எழுத்துகள் இன்றும் நிலைத்திருக்கின்றன. சம்பளமும் பாடநூலும் அரசினுடையவை. காலைச் செபமும், வளவுக்குள் நிற்கும் மாதா சொரூபமும், மதிலுக்கு அப்பால் ஒலிக்கும் கோயில் மணியும் பழைய காலத்தவை. வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் சைவப் பிள்ளைகள். அவர்களும் தங்கள் தேவாரத்தை இதே போல ஒரு எழுத்தும் தவறாமல் சொல்வார்கள்.

நான் எழுத வந்த விடயம் இந்த மனப்பாடம் பற்றியதுதான். செபமும் தேவாரமும் நாவில் ஊறிய சூழலில் வளரும் பிள்ளைக்கு நினைவாற்றல் அதிகம். ஒரு பாடத்தை இரண்டு முறை கேட்டால், மூன்றாம் முறை படத்தைப் பார்த்தே சொல்லிவிடும். ஆசிரியர் அதை வாசிப்பு என்று எண்ணி ஏமாந்துபோவது மிக எளிது. நானும் ஏமாந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் தரம் ஒன்றும் இரண்டும் படித்த ஒரு சிறுமி, பாடநூலின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கணீரென்று வாசிப்பாள். வகுப்பைப் பார்வையிட வருகிறவர்களுக்கு முன்னால் அவளைத்தான் நான் எழுப்பி நிறுத்துவேன். தரம் நான்கில் வேறோர் ஆசிரியை, அவள் முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் அக்கா வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே அவள் இரண்டு வருடப் பாடநூல்களையும் மனத்தில் பதித்திருந்தாள். எழுத்துகளில் பாதியைக்கூட அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பிழை முழுவதும் என்னுடையது. பிள்ளையின் குரலை மட்டும் கேட்டு, விரலைப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

அதன் பிறகு சில காலம், மனப்பாடமே வாசிப்புக்குப் பகை என்று எண்ணிச் செபப் புத்தகங்களை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம் என்றேன். அதுவும் தவறு என்று பின்னர்தான் உணர்ந்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு இரண்டு பாரங்கள் உண்டு. எழுத்தை ஒலியாக்க வேண்டும். அந்த ஒலிகளைச் சேர்த்து, வந்த சொல் இன்னதென்று அறிய வேண்டும். சொல் ஏற்கெனவே நாவில் இருக்குமானால் இரண்டாவது பாரம் இறங்கிவிடுகிறது. செபத்தை அறிந்த பிள்ளை, எந்த ஒலி வரப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்கிறது; அந்த ஒலி தாளில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் தேடுவது மட்டுமே அதற்கு மிஞ்சியிருக்கிற வேலை. விரலையும் குரலையும் ஒரே சொல்லில் சந்திக்க வைத்துவிட்டால் மனப்பாடமே ஏணியாகிவிடுகிறது.

தமிழ் எழுத்துகளால் முதன்முதலில் அச்சேறியதாக இன்று கையில் கிடைக்கிற நூல் 1578 இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' ஆகும். பதினாறே பக்கங்கள் கொண்ட அந்த மறைக்கல்வி நூலைப் போர்த்துக்கேயக் குருவான அண்டிரிக் அடிகளார் தமிழாக்கினார். செபத்தின் வழியே எழுத்துக்கு வருவது எங்கள் வகுப்பறையில் தோன்றிய புதுமை அல்ல.

அந்தப் பையனிடம் நான் செய்ததைச் சொல்கிறேன். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் மந்திரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, சொல் சொல்லாக வெட்டினேன். முதல் நாள் 'எங்கள்' என்ற ஒரு சொல்லை மட்டும் அவன் கையில் கொடுத்து, "ராசா, இது போல இன்னும் எத்தனை இருக்கு எண்டு தேடிப் பார்" என்றேன். அந்த மந்திரத்தில் 'எங்கள்' திரும்பத் திரும்ப வருகிறது. அவன் ஒவ்வொரு துண்டுக்கு அருகிலும் தன் துண்டை வைத்து ஒப்பிட்டுக் கொண்டே போனான். 'எங்களுக்கு' என்ற துண்டில் வந்து நின்றான். முன்பகுதி ஒத்துப்போகிறது, பின்பகுதி ஒத்துப்போகவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "ரீச்சர், இதிலை ளானாவுக்குக் குத்து இல்லை" என்றான். பிறகு 'எங்களை' என்ற துண்டை எடுத்து, "இதிலையும் இல்லை" என்றான். புள்ளி இருந்த இடத்தில் உகரமோ ஐகாரமோ வந்து ஏறும்போது ள் என்பது ளு ஆகிறது, ளை ஆகிறது என்று பாடத்திட்டத்தின் தேர்ச்சி மட்டங்களின் மொழியில் எழுதினால் அது இலக்கணம். ஏழு வயதுப் பிள்ளை தன் விரலால் அதைக் கண்டுபிடித்தபோது அவன் காது மடல் சிவந்திருந்ததைப் பார்த்தேன்.

எகரம் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் வாசிக்கக் கற்கும் பிள்ளைக்குக் கொம்பு பெரும் இடையூறு. 'கெ' என்பதில் முதலில் கண்ணில் படுவது கொம்பு. ஆனால் முதலில் ஒலிப்பது ககரம். 'கொ' என்றால் ஒலி ஒன்று, அதன் குறி இரண்டு பக்கத்திலும் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் போ என்று பழக்கிவிட்டு, இந்த இடத்தில் மட்டும் ஒன்றைத் தாண்டிப் போய்த் திரும்பி வா என்கிறோம். ஆனாலும் இன்றைய பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. முற்காலத்தில் எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைப்பதே வழக்கம். ஓலைச் சுவடிகளில் பெரும்பாலும் அந்தப் புள்ளியை வைக்காமலே விட்டார்கள். குறிலா நெடிலா என்பதை வாசிக்கிறவர்தான் பொருள் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். இத்தாலியில் 1680 இல் பிறந்து தமிழ்நாட்டில் குருவாகப் பணியாற்றிய வீரமாமுனிவர், நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்து, கொம்பின் மேல் இன்னொரு சுழியை ஏற்றி, 'கெ' வேறு 'கே' வேறு என்று கண்ணுக்கே தெரியும்படி செய்தார். இதை நான் தரம் ஐந்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. கரும்பலகையில் 'செடி', 'சேடி' என்று எழுதி, சுழியை அழித்து அழித்துக் காட்டும்போது, ஒரு சிறு சுழிக்கு இவ்வளவு வேலையா என்று வியந்து பார்ப்பார்கள்.

செபத்தோடு நின்றுவிட முடியாது. தேவாரத்தில் சொற்கள் புணர்ந்து ஒன்றாகிவிடுவதால் வெட்டிக் காட்டுவது கடினம். எனவே எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக நாங்கள் எடுத்துக்கொண்டது ஊர்ப் பெயர்களை. வன்னி குளங்களின் நாடு. இங்கே எந்தப் பிள்ளைக்கும் முதலில் கற்பிக்க ஏற்ற சொல் 'குளம்' என்பது என் கருத்து. மூன்றே எழுத்து, அதை அறிந்த பிள்ளை வவுனியா பஸ்ஸில் ஏறினால் மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் என்று வீதியோரப் பலகைகளின் பாதியை வாசித்துவிடும். மீதிப் பாதியை ஊகிக்க அதற்கு ஊர் தெரியும். விடுமுறை முடிந்து வந்து, "ரீச்சர், நான் மூண்டு குளம் வாசிச்சனான்" என்று சொன்ன பிள்ளைகள் உண்டு.

கரையோரப் பிள்ளைகளுக்கு ளகர ழகரத்தைப் பிரித்துக் காட்டக் கடலே உதவுகிறது. எங்கள் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது என்பதால், 'பழம்' என்பதைப் 'பளம்' என்று எழுதுவது அவர்களின் காது செய்யும் நேர்மையான வேலை. ஒலியை மட்டும் நம்பி இதைத் திருத்த முடியாது. 'வாளை' என்று எழுதி அருகில் மீனை வரையச் சொல்கிறேன். 'வாழை' என்று எழுதிக் குலையை வரையச் சொல்கிறேன். தகப்பன் வலை இழுக்கிற பிள்ளை மீனை வரையும்போது செதில் போடாது. வாளைக்குச் செதில் இல்லை என்பது அதற்குத் தெரியும். அந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்ட எழுத்து அதன் பிறகு மாறுவதில்லை.

எழுதுவதில் உள்ள பெரிய இடர் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள தூரம். "நான் வீட்டை போனன்" என்று ஒரு பிள்ளை எழுதினால், அது தன் வாழ்வின் முதல் வசனத்தைத் தானாக எழுதியிருக்கிறது. அதன் மேல் சிவப்புக் கோடு இழுக்கும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அடித்துவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் கரும்பலகையில் உள்ளதை மட்டுமே பார்த்து எழுதும். கொப்பி அழகாக இருக்கும், உள்ளே பிள்ளை இருக்காது. நான் அதன் கீழே 'நான் வீட்டுக்குப் போனேன்' என்று எழுதி, இரண்டையும் வாசிக்கச் சொல்கிறேன். முதலாவது அம்மாவிடம் சொல்வது, இரண்டாவது புத்தகம் சொல்வது என்று பிள்ளைகள் விரைவில் விளங்கிக்கொள்கிறார்கள். தரம் ஐந்தில் வரும் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துத் தரம் இரண்டிலேயே பயிற்சித் தாள்களுக்கு ஓடும் பெற்றோருக்கு இது வீண் வேலையாகத் தோன்றுகிறது. அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது; ஆனாலும் இந்த வேலையை நான் விடப்போவதில்லை.

அந்தப் பையனின் தாயை ஒரு நாள் அழைத்திருந்தேன். இருபத்தாறு வயது இருக்கும். வகுப்பறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். வீட்டில் தினமும் பத்து நிமிடம் அருகில் இருந்து வாசிக்க வையுங்கள் என்று நான் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டு, "ரீச்சர், எனக்கே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்" என்றார். போர் முடிந்த 2009 இல் அவருக்குப் பத்து வயது. அதற்கு முந்திய வருடத்திலிருந்தே இடம் மாறி இடம் மாறி ஓடியதில் பாடசாலை என்பது இல்லாமல் போயிற்று. பிறகு செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் படித்தது கொஞ்சக் காலம்; திரும்பி வந்தபோது தன்னிலும் சிறிய பிள்ளைகளோடு இருக்க வெட்கப்பட்டு நின்றுவிட்டார். வன்னியில் வாசிப்புக் கற்பிக்கிறவர் எவரும் இதை மறந்துவிட்டுக் கற்பிக்க முடியாது. 'வீட்டில் பெற்றோரின் உதவியுடன் செய்க' என்று நாம் எளிதாக எழுதி அனுப்பும் வேலைகள் எத்தனையோ வீடுகளில் ஒரு தாயைக் கூனிக் குறுக வைக்கின்றன.

"தங்கச்சி, நீங்கள் வாசிக்க வேண்டாம். அவன் வாசிக்கேக்கை விரலை மட்டும் பாருங்கோ. குரல் முந்தினா நிப்பாட்டுங்கோ" என்றேன். அதற்கு எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும். ஒருவிதத்தில் அவரைப் போல மெதுவாக வாசிப்பவருக்கே அந்த வேலை பொருந்தும். வேகமாக வாசிப்பவர் பிள்ளையின் விரலைப் பார்க்கப் பொறுமை காட்டமாட்டார். கிழமைக்கு ஒரு முறை வாசலில் வந்து, நேற்று எந்தச் சொல்லில் நிறுத்தினார் என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு மாதத்துக்குப் பின், நான் அனுப்பிய சிறிய கதைப் புத்தகம் ஒன்றைத் திருப்பித் தந்தபோது, தானும் முழுவதையும் வாசித்ததாக மிக மெல்லிய குரலில் சொன்னார்.

தவணையின் கடைசி வாரத்தில் பையன் வேறொரு புத்தகத்தோடு வந்தான். அம்மம்மாவின் செபப் புத்தகம். இடப்பெயர்வு முழுவதும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகி வைத்திருந்ததாம். ஓரங்கள் பழுத்து, அட்டை இல்லாமல் இருந்தது. தமிழ்நாட்டில் 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னர் இருந்த பழைய அச்சு வடிவங்களில் அமைந்த புத்தகம் அது. அவன் அறியாத ஒரு செபத்தைத் திறந்து கொடுத்தேன். விரலை வைத்தான். முதல் சொல், இரண்டாம் சொல், மூன்றாம் சொல் என்று மிக மெதுவாக, இராகம் எதுவும் இல்லாமல், விரல் நகரும்போது மட்டும் குரல் நகர, வரியின் நடுவே திடீரென்று நின்றுவிட்டான். நான் பேசாமல் இருந்தேன். அவன் விரலை எடுக்கவில்லை. 'துணை' என்ற சொல்லில், ணகரத்தின் தலையில் யானையின் துதிக்கை போல வளைந்திருந்த அந்தப் பழைய ஐகாரத்தைத் தொட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"ரீச்சர், இது என்ன எழுத்து? எனக்கு இதைச் சொல்லித் தரேல்லையே."