ஆடிப்பட்டத்துக்கு வீட்டுக்குள் நாற்று

ஜூன் 4
ஆடி பிறக்க இன்னும் ஆறு வாரம். மிளகாய் நாற்றுக்கு 40 நாள், கத்தரிக்கு 32, தக்காளிக்கு 25 என்று பின்னோக்கி எண்ணித்தான் விதைக்க வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் போட்டால், மிளகாய் தயாராவதற்குள் தக்காளி முற்றி வேர் சுருண்டுவிடும்.

கோகோபீட் (தேங்காய் நார்த்தூள் கட்டி) ஊறுகிறது. 650 கிராம் கட்டிக்கு 4 லிட்டர் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 8 லிட்டர் பொலபொலவென்று கிடைக்கும். இரண்டு முறை அலசிப் பிழிவது கட்டாயம். உப்பு தங்கினால் இளவேர் கருகும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு சலித்த மண்புழு உரம் போதும். உரம் கூடினால் கலவை இறுகி நீர் தேங்கும். கலவையைக் கைப்பிடியாக இறுக்கினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால், விரித்து ஆறவிடுங்கள்.

ஜூன் 6
மிளகாய், கோவில்பட்டி கே 1 ரகம். 98 குழி கொண்ட நாற்றுத்தட்டு. ஆறிய அரிசிக் கஞ்சி ஒரு தேக்கரண்டி, டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப்பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சைப் பொடி) ஒரு சிட்டிகை. விதையைப் புரட்டி நிழலில் அரை மணி உலர்த்தியாயிற்று. அரை செ.மீ. ஆழம், குழிக்கு ஒன்று. பழைய விதையானால் முதலில் பத்தை ஈரத்துணியில் கட்டி முளைப்பு பாருங்கள். ஐந்தாறுதான் முளைத்தால் குழிக்கு இரண்டு போடலாம்.

தட்டைப் பாலித்தீனால் மூடி அலமாரி மேல் வைத்தாயிற்று. முளைப்புக்குத் தேவை சூடும் ஈரமும்; வெளிச்சம் இப்போது வேண்டாம்.

ஜூன் 14
எட்டாம் நாள் முளை தலைகாட்டியது. பாலித்தீனை உடனே எடுத்தாயிற்று. ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளிறி நூலாக நீளும். 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு, இலைக்கு மேலே அரைச்சாண் உயரத்தில், நாளுக்கு 14 மணி நேரம். ஜன்னலோரம் மட்டும் வைப்பவர்கள் தட்டைத் தினமும் திருப்பி வைக்க வேண்டும்.

ஜூன் 15
கத்தரி, கோ 2 ரகம். முறை அதேதான்.

ஜூன் 23
தக்காளி, பெரியகுளம் பி.கே.எம். 1 விதைத்தாயிற்று.

மிளகாய்த் தட்டின் ஒரு மூலையில் ஐந்து நாற்று சாய்ந்து கிடக்கிறது. மண்ணோடு தண்டு சேரும் இடம் நீர்கோத்துச் சூம்பியிருந்தால் அது நாற்றழுகல். பித்தியம் முதலான, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர்களின் வேலை. அதற்குக் கதவு திறப்பது அளவு மீறிய தண்ணீரும் நகராத காற்றும். விழுந்ததை எந்த மருந்தும் எழுப்பாது. கலவையோடு தோண்டி எடுத்து வெளியே போட்டுவிடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.

இந்தப் பருவத்தில் தண்ணீரால் சாகும் நாற்றே அதிகம், வாடிச் சாவது குறைவு. பூவாளி வேண்டாம். அகலத் தட்டில் இரண்டு செ.மீ. தண்ணீர் நிறுத்தி, குழித்தட்டை அதில் 20 நிமிடம் வைத்து எடுங்கள். அடித்துளை வழியே உறிஞ்சிக்கொள்ளும். அதுவும் காலையில், தட்டைத் தூக்கினால் இலேசாக இருக்கும் நாளில் மட்டும். மின்விசிறி குறைந்த வேகத்தில் ஓடட்டும்.

ஜூலை 2
மிளகாயில் நான்கு நிஜ இலை. முளையோடு வரும் முதல் இரண்டு இலையான வித்திலை மட்டும் இருக்கும்போது உரம் தேவையில்லை. இப்போது 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள, நீரில் கரையும் உரம்) லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒரு முறை. பஞ்சகவ்யம் என்றால் லிட்டருக்கு 15 மி.லி. போதும். தக்காளி சற்று நெட்டையாகப் போகிறது, விளக்கை இறக்கியாயிற்று. நடும்போது வித்திலை வரை புதைத்தால் தண்டிலேயே வேர்விடும், ஆகவே கவலை இல்லை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அப்படிப் புதைப்பதை நம்ப வேண்டாம்.

ஜூலை 11
மாடிக்குப் பழக்கும் வாரம். முதல் நாள் காலை ஒரு மணி நேர வெயில், பிறகு தினமும் ஒரு மணி கூட்டி. நேரே வெயிலில் வைத்தால் இலையில் வெள்ளைத் திட்டு விழும். கோவைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெயிலைவிடக் கொடியது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், நாற்று எம்மாத்திரம். கைப்பிடிச் சுவரின் மறைவில் வையுங்கள்.

ஜூலை 18
மாலை 5 மணிக்கு நடவு. அடியிலிருந்து விரலால் தள்ளினால் வேர்க்கட்டு முழுசாக வர வேண்டும். உதிர்ந்தால் இன்னும் நான்கு நாள் தட்டிலேயே இருக்கட்டும். செடி வளர்க்கும் பைக்கு ஒன்று, நட்ட கையோடு ஒரு குச்சி, தளர்வாக ஒரு கட்டு. ஆறு கத்தரி உதிர்ந்தது, திரும்பத் தட்டுக்குப் போயிற்று.