ஃபோர்மேன் தேர்வு: ரிஸ்க் கேள்விகளுக்கு நான் படித்த விதம்

சுரங்க ஃபோர்மேன் (மேற்பார்வையாளர்) தேர்வு ரிசல்ட் பட்டியலில் என் நம்பரைப் பார்த்த பிறகுதான் மூச்சு சீராக வந்தது. சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படித்தேன். சங்ககிரி, மதுக்கரை, கரூர் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு அடுத்த முறை எழுதப்போகிறவர்களுக்காக இது.

1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறையில் (MMR) எண்களை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. திறந்தவெளிக் குழியின் சுவர்கள் பற்றிய 106-ஆம் விதியை விடவே விடாதீர்கள். மண், சரளை என்றால் சுவரின் சரிவு 45 டிகிரிக்குள். பெஞ்ச் போட்டால், அதாவது படிப்படியாக வெட்டினால், ஒவ்வொரு படியின் உயரம் 1.5 மீட்டருக்குள், அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது.

என்னைக் கரையேற்றியது ரிஸ்க் மதிப்பீடுதான். விளைவு, எக்ஸ்போஷர், நடக்கும் வாய்ப்பு: மூன்றையும் பெருக்க வேண்டும். பலரும் முதலையும் கடைசியையும் பார்த்துவிட்டு நடுவில் இருப்பதை விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்போஷர் என்றால் அந்த இடத்தில் ஆள் எவ்வளவு நேரம், எத்தனை தடவை நிற்கிறார் என்பது.

எங்கள் குழியில் காலை டீ நேரத்தில் கிழக்குப் பக்கச் சுவரடியில்தான் நிழல் விழும். வெயிலுக்கு எல்லோரும் அங்கேதான் உட்காருவார்கள். மேலே, மழையில் ஊறிப் பிடி தளர்ந்த கல். எங்கள் வேலைக் குழுவைக் கவனிக்கும் மேட் அண்ணன் ஒரு நாள், "ஏனுங்க தம்பி, கல்லு நேத்தும் அங்கதான இருந்துச்சு, கீழ ஆளு உக்காந்தாத்தான ஆபத்து?" என்றார். அன்றைக்கே டீ கேனை ஷெட்டுக்கு மாற்றினோம். கடப்பாரையால் கல்லைத் தள்ளிவிட்டது அப்புறம்தான். ரிஸ்க் எண் அதற்கு முன்பே இறங்கிவிட்டது. இந்தக் கணக்கு புரிந்தால் பாதிக் கேள்வி முடிந்தது.

மற்றவை சுருக்கமாக:

- விடைகளில் ஹெல்மெட், கண்ணாடி, மாஸ்க் இருந்தால் உடனே குறிக்காதீர்கள். ஆபத்தை அடியோடு நீக்குவது முதலில், மாற்றுமுறை, பொறியியல் தடுப்பு, வேலை விதிகள் அப்புறம், தற்காப்புச் சாதனம் கடைசி. தூசிக்கு மாஸ்க்கை விட ஈரத் துளையிடல் மேல்.
- கிரானைட் குவாரி ஆட்கள் வயர் சா (மணிகள் கோத்த கம்பியால் கல்லை அறுக்கும் இயந்திரம்) பகுதியை நன்றாகப் பாருங்கள். வயர் அறுந்தால் மணிகள் தோட்டா போலத் தெறிக்கும். வயர் ஓடும் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.
- ஃபேஸை (வெட்டிக்கொண்டிருக்கும் சுவர் முகத்தை) அடியில் குடைந்து மேலே தொங்கவிடக் கூடாது. காரணத்தோடு படியுங்கள்.

கைடு புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஷிஃப்ட் முடிந்ததும் அன்று பார்த்த ஒரு ஆபத்தை எடுத்து, மூன்று காரணிக்கும் நீங்களே மதிப்பெண் போட்டு, பக்கத்தில் இருக்கும் மேட்டிடம் காட்டுங்கள். அவர் போடும் மதிப்பெண் உங்களுடையதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.