ஐந்தரை நிமிடம்

ஜனவரி 6, கேத்தி

விடியற்காலையில் புல் முழுக்க உறைபனி. பட்டாளத்தில் சேர என்னிடம் பயிற்சி எடுக்கும் பதினோரு பையன்கள் ஓடினார்கள். கேரட் கழுவப் போகும் அக்காவின் மகன் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 52 விநாடியில் முடித்தான். ராணுவத்தின் அக்னிவீர் ஆள்சேர்ப்பு ஓட்டத்தில் முழு 60 மதிப்பெண் வேண்டுமென்றால் ஐந்தரை நிமிடத்துக்குள் வரவேண்டும். கால் தேறிவிடும். என் கவலை எழுத்துத் தேர்வுதான். பத்தாவது பாஸ், ஆனால் இன்னும் வரிக்கு அடியில் விரல் வைத்துத்தான் படிக்கிறான்.

ஜனவரி 9

அந்த அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். "பரீட்சையைக் கொஞ்சம் லேசாக்கினால் என்னங்கண்ணா? கஷ்டப்படுற பிள்ளைங்கதானே வருது?" தேநீர் கொடுத்து அனுப்பினேன். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரி 11

அக்காவின் கேள்வி தூங்க விடவில்லை. இதே பேச்சைத்தான் 1966ல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாராவும் பேசினார். தேர்வில் கழித்துக்கட்டிய ஏழை இளைஞர்களை எடுத்துக்கொள்வோம், பயிற்சி கொடுத்து முன்னேற்றுவோம் என்றார். உள்காரணம் வேறு. வியட்நாமுக்கு ஆள் வேண்டும். கல்லூரி மாணவர்களைத் தொட்டால் நடுத்தர வர்க்கம் கொதிக்கும். 1971 வரை சுமார் மூன்றரை லட்சம் பேரை எடுத்தார்கள். பத்தில் நான்கு பேர் கறுப்பின இளைஞர்கள். சொன்ன சிறப்புப் பயிற்சி பெரும்பாலானோருக்குக் கிடைக்கவே இல்லை. நிறைய பேர் நேராகக் காலாட்படைக்குப் போனார்கள். மற்ற வீரர்களைப்போல மூன்று மடங்கு விகிதத்தில் செத்தார்கள். 5,478 பேர். உயிரோடு திரும்பியவர்களும், பட்டாளத்துக்கே போகாத அதே நிலைமைக்காரர்களைவிடக் கீழேதான் இருந்தார்கள் என்று பின்னால் ஆய்வு செய்தவர்கள் கண்டார்கள். கதவைத் திறந்துவிட்டதைச் சலுகை என்று எப்படிச் சொல்வது?

ஜனவரி 12

என் பட்டாள சர்வீஸில் ஒரு பையன், தங்கமானவன். வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் கிரிட் நம்பரை மாற்றிப் படித்துவிட்டான். ராத்திரி முழுக்க ஏழு பேர் வேறொரு நாலாவில், அதாவது ஓடைப்பள்ளத்தில், பனியில் கிடந்தோம். காலையில் அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தப்பு அவனுடையதா, படிக்க வராது என்று தெரிந்தே தேற்றி அனுப்பியவர்களுடையதா? உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டுக்கொடுப்பது வேறு, இது வேறு.

ஜனவரி 17

பொங்கலுக்கு அப்புறம் இன்றுதான் எல்லாரும் வந்தார்கள். 2022ல் அமெரிக்கத் தரைப்படைக்கு 15,000 ஆள் குறைந்தபோது, ஃபோர்ட் ஜாக்சன் ராணுவ முகாமில் முன்பயிற்சி வகுப்பு தொடங்கினார்கள். மதிப்பெண்ணோ உடல் தகுதியோ குறைந்தவர்களுக்கு 90 நாள் வரை சொல்லிக்கொடுத்து, தேறினால்தான் அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இதைத்தான் அக்காவிடம் சொன்னேன். சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டில் படிப்பு. ஓட்டம் மாதிரியே தினமும்.

ஜனவரி 24

ஓட்டம் 5:41. சாயங்காலம் கணக்குக் கேள்வி ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான். மூன்றாவது முறை விரலை எடுத்துவிட்டுப் படித்தான். விடை தப்பு. நாளைக்கும் அதே கேள்விதான்.