நான்கு வெண்பாவும் ஒரு தடையின்மைச் சான்றும்

என் துப்பறியும் நாவலுக்கான பதிப்புரிமைச் சான்று போன வாரம் வந்து சேர்ந்தது. அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் வீட்டுப் பத்திரத்தின் மேல் வைத்திருக்கிறேன். ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. துப்பறியும் நாவல் எழுதிவிட்டுப் பதிவு செய்யப் போகிறவர்கள் யாராவது இருந்தால், நான் விழுந்த குழிகளில் விழாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். படிவம் நிரப்புவது எப்படி என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது யாருக்கும் வரும்.

முதலில் நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குழப்பம் எல்லாம் அங்கேதான் தொடங்கியது. தன் தலையைத் தானே அரிந்து கொற்றவைக்குப் படைக்கும் வீரனின் சிற்பங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. நவகண்டம், அரிகண்டம் என்பார்கள். ஒரு கை குடுமியைப் பிடித்திருக்கும், மறு கையில் இருக்கும் வாள் கழுத்தில் பதிந்திருக்கும். என் கொலைகாரன் பிணங்களை அந்தக் கோலத்தில் உட்கார வைத்துவிட்டுப் போகிறான். போனவன் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் இன்ஸ்பெக்டருக்கு ஒரு வெண்பா அனுப்பிச் சீண்டுகிறான். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில்தான் முடிய வேண்டும் என்பது பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அவன் முதல் வெண்பாவை நாளில் முடிக்கிறான், இரண்டாவதை மலரில். கொலைகள் மொத்தம் நான்கு என்பதும், எத்தனை மிச்சம் என்பதும் அதிலேயே இருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கு அது மூன்றாவது கொலையில்தான் உறைக்கிறது.

எனக்கு வெண்பா வராது. நான் எழுதியதில் தளை, அதாவது சீரும் சீரும் சேரும் விதி, தட்டாத இடம் தலைப்பு மட்டும்தான். ஆகவே பள்ளியில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயாவிடம் போய் நின்றேன். இரண்டே மாலைகளில் நான்கையும் எழுதிக் கொடுத்துவிட்டார். “கொலைகாரனாகவே இருந்தாலும் இலக்கணப் பிழை செய்யக் கூடாது, தம்பி” என்றார். நெகிழ்ந்துபோன நான் முன்னுரையில், “கொலைகாரனின் வெண்பாக்களை இயற்றித் தந்த ஐயாவுக்கு நன்றி” என்று அவருடைய புனைபெயரோடு அழகாக ஒரு வரி சேர்த்தேன். அந்த நன்றிக்கு நான் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

பதிவு கட்டாயமில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதி முடித்த நொடியிலேயே பதிப்புரிமை உங்களுடையது. வாழ்நாள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகளும். ஆனால் வழக்கு என்று வந்தால் பதிவேட்டில் உள்ளதை, தவறென்று யாரும் காட்டாதவரை, முதல்நோக்குச் சான்றாக எடுத்துக்கொள்வார்கள். கையெழுத்துப் பிரதியைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டால் போதும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. நானும் 43 ரூபாய் செலவழித்து அதைச் செய்தேன். அது பதிவுக்கு ஈடாகாது. கதைக் கருவுக்கும் உரிமை கிடையாது. எழுதிய வடிவத்துக்கு மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே சொல்லிவிட்டது. தலைப்பும் அப்படியே. இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் பதிவுக்கு இறங்கியதற்குக் காரணம், நாவலைத் தொடராக எடுக்கலாமா என்று பேச வந்த ஒரு தயாரிப்பு நிறுவனம், “சான்று இருக்கிறதா சார்?” என்று கேட்டதுதான்.

அனுப்புவதற்கு முன் பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பதினைந்தாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். “எந்த ஊரில் சார் இன்னும் 302 போடுகிறார்கள்?” நான் எழுதத் தொடங்கியது 2021இல். முடிப்பதற்குள் 2024 ஜூலை 1ஆம் தேதி பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்து, கொலைக்கு 103 ஆகிவிட்டது. 420 இப்போது 318. மோசடிக்காரனைக் குறிக்க நம் மொழியிலேயே ஊறிப்போன ஓர் எண்ணை இப்படிப் பிடுங்கிவிட்டார்களே என்று இரண்டு நாள் வருத்தமாக இருந்தது. பிறகுதான் ஒரு யோசனை வந்தது. குற்றப் பிரிவுக்குக் குற்றம் நடந்த நாளே கணக்கு. முதல் இரண்டு கொலைகளை ஜூனில் வைத்தேன், அடுத்த இரண்டை ஜூலையில். ஒரே கொலைகாரன்மீது இரண்டு சட்டங்கள். ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றமென்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று கூடவே வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3)ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டுவரை அவகாசமும் தருகிறது. அந்த அவகாசத்தை வைத்து இன்ஸ்பெக்டருக்கும் மேலதிகாரிக்கும் ஒரு நல்ல சண்டை எழுத முடிந்தது. இந்த மொத்தக் கதையிலும் எனக்கு லாபமாக முடிந்த ஒரே தவறு இதுதான்.

அடுத்தது டி.டி.பி. கடை. என் பழைய கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தது. யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன் என்றார்கள். மாற்றினார்கள். கொம்பும் காலும் இடம் மாறி, பாதிப் பக்கங்கள் என் கொலைகாரன் அனுப்பும் சங்கேதக் கடிதம் போலவே வந்தன. சண்டை போட்டுத் திருத்த வைத்தேன். வெண்பாக்களைப் பார்த்தால், நான்கு அடிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பத்தியாக்கி வைத்திருந்தார்கள். அதையும் பிரித்தாயிற்று. கடைசி மெய்ப்பைச் சரி என்று அனுப்பிவிட்டுப் படுத்தவன், நள்ளிரவில் ஏதோ உறுத்தி எழுந்து பார்த்தேன். மூன்றாவது வெண்பா இப்படி முடிய வேண்டும்:

உனைத்தேடி வந்திடும் கூற்று.

‘கூற்று’ என்றால் வாக்கியம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்ட யாரோ ஒரு புண்ணியவான், எமனை எமனாகவே இருக்கட்டும் என்று ‘கூற்றம்’ ஆக்கியிருந்தார். பொருள் கெடவில்லை. ஆனால் கூற்று காசு, கூற்றம் தேமா. தேமாவில் வெண்பா முடியாது. அதைவிட முக்கியம், முந்நூறு பக்க நாவலின் ஒரே துப்பு அந்த ஒரு சீரில்தான் இருந்தது. என் இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் ஓய்வு பெறும்வரை ஒன்றும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சீண்டிக் கடிதம் எழுதும் கொலைகாரர்களைப் பற்றி ஆராய்ந்தபோது, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் விசிட்டா நகரைப் பல ஆண்டுகள் நடுங்க வைத்த டென்னிஸ் ரேடரைப் பற்றிப் படித்திருந்தேன். ஃபிளாப்பியில் அனுப்பினால் கண்டுபிடிக்க முடியுமா என்று அவன் போலீசையே கேட்டான். முடியாது என்று செய்தித்தாள் விளம்பரத்தில் பதில் வந்தது. 2005இல் அனுப்பினான். கோப்புக்குள் மறைந்திருந்த விவரத்தில் அவன் தேவாலயத்தின் பெயரும் ‘டென்னிஸ்’ என்ற பெயரும் இருந்தன, கதை முடிந்தது. அது நினைவுக்கு வந்து, என் பி.டி.எஃப். கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தேன். ஆசிரியர் என்ற இடத்தில் டி.டி.பி. கடையின் மூன்றாவது கம்ப்யூட்டரின் பெயர் இருந்தது. நாவலை என் பெயரில் பதிவு செய்வதற்காக நான் அனுப்பவிருந்த கோப்பு! நீங்களும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இனி என் சொந்த முட்டாள்தனம். விண்ணப்பத்தை நானே போட்டிருக்கலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே கட்டலாம். சோம்பல்பட்டு ஒரு முகவரிடம் 6,500 ரூபாய் கொடுத்தேன். வெண்பா விஷயத்தை நான்தான் எடுத்தேன். “ஐயாவிடம் ஏதாவது எழுதி வாங்க வேண்டாமா?”

“உங்கள் வாத்தியார்தானே சார், வழக்கா போடப் போகிறார்?” என்றார் முகவர்.

விண்ணப்பத்துக்கு டைரி எண் வந்தது. ஆட்சேபம் ஏதும் வருகிறதா என்று பார்க்கும் 30 நாள் காத்திருப்பும் கழிந்தது. பிறகு பல மாதங்கள் சத்தமே இல்லை. முகவரிடம் கேட்டபோதெல்லாம் “நடந்துகொண்டிருக்கிறது” என்றார். ஒரு நாள் வேறு எதையோ தேடி மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியைத் திறந்தால், அங்கே கிடக்கிறது பதிப்புரிமை அலுவலகத்தின் குறைபாட்டுக் கடிதம். முன்னுரையில் குறிப்பிட்டுள்ள செய்யுள்களை இயற்றியவரிடமிருந்து தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) வேண்டும். முன்னுரையை யாரும் படிப்பதில்லை என்று எழுத்தாளர்கள் நாம் புலம்புவோமே, ஒருவர் படித்திருக்கிறார். கெடு முடிய ஆறு நாள் இருந்தது. முகவரின் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஐயா மகள் வீட்டில், ஓசூரில் இருந்தார். கைப்பேசி வைத்துக்கொள்கிற ஆள் அல்ல. மகளின் எண் என்னிடம் இல்லை. இரவு பஸ் பிடித்து மதுரையிலிருந்து கிளம்பி, விடிந்ததும் வீட்டைத் தேடிப் பிடித்துக் கதவைத் தட்டினால், “அப்பா நேற்றுக் காலைதானே, அண்ணா, ஊருக்குப் போனார், கும்பாபிஷேகத்துக்கு” என்று காபி கொடுத்தார் மகள். ஊர் என்றால் காரைக்குடிப் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம். காபி நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காரைக்குடி. நூறு ரூபாய் முத்திரைத்தாள், நோட்டரி என்று முகவர் முன்பு ஒருமுறை பேசியது நினைவிருந்ததால், அங்கே ஒரு நோட்டரியின் அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். அவர் எதைப் பற்றிய சான்று என்று கேட்டார். கொலைகாரனின் கவிதைகள் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். “வழக்கு எந்தக் கோர்ட்டில்?” விளக்கி முடிப்பதற்குள் அவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். என் விஷயத்தில் கடைசியில் வெள்ளைத்தாளே போதுமானதாக இருந்தது.

ஐயா கோயில் பந்தலில், நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தார். படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார், தன் புனைபெயரில், சுழித்துச் சுழித்து. நான் இணைக்க வேண்டிய ஆதார் நகலில் வேறு பெயர். அதுவும் தலைப்பெழுத்து (இனிஷியல்) இல்லாமல், தந்தை பெயர் முழுதாக விரிந்து பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. பான் அட்டையில் அதே பெயர் முன்பின்னாக. ஆக, முன்னுரையில் ஒருவர், ஆதாரில் ஒருவர், பான் அட்டையில் ஒருவர். இன்ன புனைபெயரில் எழுதும் இன்னார் என்று இரண்டு பெயர்களையும் போட்டு மறுபடி எழுதி, ஆதாரில் உள்ளபடி கையெழுத்து வாங்கினேன். நம் ஊரில் தலைப்பெழுத்து விவகாரத்தில் மாட்டாத தாள் ஏது? முதலிலேயே இரண்டு பெயர்களையும் எழுதிவிடுங்கள்.

அங்கிருந்தபடியே வக்கீல் நண்பனுக்குத் தொலைபேசினேன். நல்ல வேளை. “தடையின்மை பதிவுக்குச் சரி. தொடர் எடுப்பவர்கள் உரிமையை எழுத்தில் மாற்றித் தரச் சொல்வார்களே, அதையும் இப்போதே வாங்கிவிடு. காலம் எழுதாமல் விட்டால் 5 ஆண்டுதான். இடம் எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும்தான்” என்றான். சட்டத்தின் 19ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்றும் சொல்கிறது. வேறு மாதிரி எழுதி வைத்துக்கொண்டால் தப்பலாம். பந்தலிலேயே இரண்டாவது தாளை எழுதினேன். எவ்வளவு தொகை போடட்டும் என்று கேட்டதற்கு ஐயா கோபித்துக்கொண்டார். பிறகு சிரித்துக்கொண்டே, “ஒரு வெண்பாவுக்கு ஒரு வேட்டி என்று போடு” என்றார். நான்கு வேட்டி என்று எழுதவில்லை, தொகைதான் எழுதினேன். வேட்டியும் வாங்கிக் கொடுத்தேன்.

கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகப் பதில் ஏறியது. முகவர் இல்லாமல், நானே ஏற்றினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அந்த 6,500ஐ நினைத்தால் இன்றும் சாப்பாடு இறங்குவதில்லை. மின்னஞ்சல் முகவரியாக முகவருடையதைக் கொடுக்காமல் என்னுடையதைக் கொடுத்திருந்தேன் பாருங்கள், நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. இல்லையென்றால் கடிதம் வந்ததே தெரிந்திருக்காது. குப்பைப் பெட்டியை வாரம் ஒருமுறை பாருங்கள். நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கும் அப்புறம் விண்ணப்பித்தேன். கட்டணம் இல்லை, சிக்கலும் இல்லை.

தயாரிப்பு நிறுவனத்துக்குச் சான்று வந்த செய்தியை அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. ஐயாவுக்கு மகள் ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்துவிட்டாராம். நேற்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு அவரே அழைத்தார்.

“தம்பி, நாலாவது வெண்பாவில் மூன்றாம் அடி தளை தட்டுகிறது. எப்படி விட்டேன் என்றே தெரியவில்லை. அரசாங்கத்தில் சொல்லித் திருத்திவிடலாம் அல்லவா?”

பீரோவைத் திரும்பிப் பார்த்தேன். “காலையில் பேசுகிறேன் ஐயா” என்று வைத்துவிட்டேன்.