மணி அடுத்த வளவில் அடிக்கட்டும்

வன்னியில் தனித்திருக்கும் அம்மா, அம்மம்மாக்களுக்குப் பிள்ளைகள் முதலில் வாங்கிக் கொடுப்பது கமரா. கனடாவில் இருந்தபடி முற்றத்தைப் பார்க்கலாம்தான். ஆனால் விழுந்து கிடப்பவரைத் தூக்க ஓடி வரக்கூடியவர் அடுத்த வளவுக்காரர். முதல் மணி அவர் வீட்டில் அடிக்க வேண்டும்.

வயர் இல்லாத கோலிங் பெல் ஒன்று போதும். பொத்தான் இங்கே, மணி அயல்வீட்டில். ஒரு ஏக்கர் சதுரக் காணியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 64 மீற்றர். வீட்டுக்கு வீடு தூரமும் அவ்வளவு வரும். பெட்டியில் போட்டிருக்கும் 100 மீற்றர் வெட்டவெளிக் கணக்கு. இடையில் இரண்டு கல்சுவர் வந்தாலே நன்றாகக் குறைந்துவிடும், தகரவேலி இன்னும் மோசம். 300 மீற்றர் போட்டதையே வாங்குங்கள். மணியை இந்தப் பக்கம் பார்த்த யன்னலோரம் வைக்கச் சொல்லுங்கள்.

பிளக்கில் குத்தும் மணி கரண்ட் போனால் வேலை செய்யாது. பற்றரி போடும் மணிதான் சரி. மாரியில் கரண்ட் நீண்ட நேரம் இல்லாவிட்டால் போன் ரவரின் பற்றரியும் இறங்கி, போனுக்குச் சிக்னல் இல்லாமல் போய்விடும். இந்த மணி அப்போதும் அடிக்கும். அமத்தும் விசையிலேயே ஓடும், பற்றரி இல்லாத பொத்தானும் கடையில் உண்டு. அதை ஊன்றி அமத்த வேண்டும், பலமில்லாத விரலுக்கு ஆகாது. சாதாரணப் பொத்தானுக்குள் 23ஏ என்ற 12 வோல்ட் பற்றரியோ, காசு போல வட்டமான சிஆர்2032 பற்றரியோ இருக்கும். மேலதிகமாக ஒன்று வாங்கி வையுங்கள், ஊர்க் கடையில் கிடைப்பது நிச்சயமில்லை.

பல மணிகளில் இரண்டு பொத்தான் இணைக்கலாம். மணியின் சிறு சுவிச்சை லைற் மின்னும்வரை அமத்திப் பிடித்துவிட்டு, பொத்தானை ஒருதரம் அமத்த வேண்டும். பிறகு மணியின் பற்றரியைக் கழற்றிப் போட்டு, திரும்பவும் அடிக்கிறதா என்று பாருங்கள். ஒரு பொத்தான் கழுத்தில், நூலில் தொங்கட்டும்; கிணற்றடிக்குப் போகும்போது சின்னப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டலாம். மற்றது கக்கூஸ் சுவரில், நிலத்தில் இருந்து ஒரு அடி உயரத்தில். நின்றபடி அமத்தும் உயரத்தில் பூட்டினால் விழுந்தவருக்கு எட்டாது. அதிகம் பிழை விடுவது இந்த இடத்தில்தான்.

ஞாயிறுதோறும் ஒருதரம் அமத்திப் பாருங்கள். இரவில் உள்ளே கொண்டி போட்டுப் படுத்தால் மணி கேட்டு வந்தவர் வெளியே நிற்க வேண்டியதுதான். வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டுப் போட்டு, ஒரு சாவியை அயலாரிடம் கொடுங்கள்.

போனுக்குப் பட்டன் போனே நல்லது. 2ஐ அமத்திப் பிடித்தால் அயல்வீடு, 3 என்றால் கிட்ட இருக்கும் உறவு. வெளிநாட்டுப் பிள்ளை கடைசி. அவரும் அந்த அயல்வீட்டுக்குத்தானே எடுப்பார்.

1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் சாரதிக்கு உங்கள் ஒழுங்கை தெரியாது. ஏ9 வீதியிலோ ஏ35 வீதியிலோ எங்கே திரும்புவது, எந்தக் கோயில், எந்த வாய்க்கால், அதற்குப் பிறகு எத்தனையாவது படலை என்று மட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒன்று அம்மாவின் கதவில், இன்னொன்று அயல்வீட்டு மணிக்குப் பக்கத்தில். அந்த நேரம் 1990க்கு எடுக்கப்போவது அவர்கள்தான்.