தலைமடையில் ஓடிய இமேஜ் கடைமடைக்கு வந்த கதை

என் செயலியின் இமேஜை, அதாவது அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் கட்டிய பொட்டலத்தை, நானே வைத்த கிடங்கிலிருந்து மூன்று நோடுகளும் (ஒரே கூட்டமாக இயங்கும் கணினிகள்) இழுத்து, நேற்று இரவு 11.45 மணிக்கு 'ரன்னிங்' என்று காட்டிவிட்டன. மூன்று இரவுகள் பிடித்தன. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே இடத்தில் இன்னும் யாராவது மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

மூன்று ராஸ்பெரி பை 4 (கையடக்கக் கணினிகள்), மேலே கே3எஸ்: பல கணினிகளை ஒரே கிளஸ்டராக இணைத்துச் செயலிகளை ஓட்டும் குபர்நெட்டிஸின் சிறிய வடிவம். பெயர்கள் குறுவை, சம்பா, தாளடி. குறுவைதான் சர்வர் (கட்டளையிடுவது), மற்ற இரண்டும் ஏஜென்ட் (அதைக் கேட்டு ஓட்டுபவை). பாபநாசம் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு மர அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் ஓட வேண்டியது 'நீர்மட்டம்' என்று நான் எழுதிய சிறிய செயலி. மேட்டூர் நீர்மட்டத்தை நாள்தோறும் பதிந்து கோடாக வரையும். உச்சியில் 120 அடி, கிடைமட்டத்தில் ஜூன் 12-இலிருந்து நாட்கள். எங்கள் வாய்க்காலின் அளவையும் அதற்குக் கீழே சேர்க்க வேண்டும் என்பது ஆசை.

சொந்தமாக ரெஜிஸ்ட்ரி (இமேஜ் கிடங்கு) வைத்துக்கொள்ள ஒரே காரணம், பொதுக் கிடங்கான டாக்கர் ஹப்பின் வரம்பு. உள்நுழையாமல் இழுத்தால் ஒரு ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 முறைதான். எங்கள் ஊர் இணைப்பில் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி. அதனால் நான் பத்து முறை கூட இழுக்காத நாளிலும் 429 (வரம்பு மீறல்) பிழை வந்தது. குறுவையிலேயே, கிளஸ்டருக்கு வெளியே, 5000-ஆம் போர்ட்டில் ரெஜிஸ்ட்ரியை ஏற்றி, 'பத்தாயம்' என்று பெயர் வைத்து, மூன்று நோடுகளிலும், பெயருக்கு முகவரி சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயரை எழுதினேன். கிளஸ்டருக்குள் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் இதற்கு உதவாது. இமேஜை இழுப்பது நோடுதான், அதில் செயலியைத் தாங்கி ஓடும் பாட் அல்ல.

முதல் இரவு முழுவதும் ஒரு பெயரில் போனது. இமேஜ் பெயரை 'பத்தாயம்/நீர்மட்டம்' என்று எழுதியிருந்தேன். வந்தது இமேஜ்புல்பேக்ஆஃப், அதாவது இமேஜை இழுக்க முடியாமல் காத்திருக்கும் நிலை. விவரத்தைப் பார்த்தால், அனுமதி மறுக்கப்பட்டது, களஞ்சியம் இல்லை அல்லது அங்கீகாரம் தேவைப்படலாம் என்றது. அங்கீகாரம் என்ற சொல்லைப் பார்த்ததும் ரகசியச் சாவி தயாரிக்கப் போய்விட்டேன். அதை டீஃபால்ட் நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பிரிவு) போட்டேன்; செயலி இருப்பது 'வயல்' நேம்ஸ்பேஸில். ஒன்றில் போட்ட ரகசியம் இன்னொன்றுக்குத் தெரியாது. அங்கேயும் போட்டேன். அதே பிழை. என் ரெஜிஸ்ட்ரியில் கடவுச்சொல்லே வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இல்லாத கடவுச்சொல்லை யார் கேட்கிறார்கள்?

அந்தப் பிழை வரியை முழுதாகப் படித்தபோது விடை அங்கேயே இருந்தது. 'பத்தாயம்' என்பதற்கு முன்னால் 'டாக்கர்.ஐஓ' ஒட்டிக்கொண்டிருந்தது. பெயரில் முதல் சாய்கோட்டுக்கு முன் உள்ள பகுதியில் புள்ளியோ, போர்ட் எண்ணைக் குறிக்கும் முக்காற்புள்ளியோ இருந்தால்தான் அது இயந்திரத்தின் முகவரி. 'லோக்கல்ஹோஸ்ட்' மட்டும் விதிவிலக்கு. இல்லாவிட்டால் அது டாக்கர் ஹப்பில் ஒரு பயனரின் பெயர். என் நோடுகள் மூன்றும் பக்கத்திலிருக்கும் பத்தாயத்தை விட்டுவிட்டு, கடல் கடந்து போய், பத்தாயம் என்ற பயனரைத் தேடியிருக்கின்றன. இல்லாத களஞ்சியத்துக்கும் பூட்டிய களஞ்சியத்துக்கும் ஹப் ஒரே பதிலைத் தருவதால்தான் நான் சாவியைத் தேடினேன். எனவே இழுக்காத இமேஜ் என்றால், முதலில் பிழை வரியில் உள்ள முழுப் பெயரின் முதல் சொல்லைப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இரண்டாம் இரவு, அவசரத்தில் 'லோக்கல்ஹோஸ்ட்:5000' என்று மாற்றினேன். குறுவையில் உடனே ஓடியது. சம்பாவிலும் தாளடியிலும் இணைப்பு மறுக்கப்பட்டது என்றது. ஒவ்வொரு நோடுக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அதுவேதான்; அங்கே ரெஜிஸ்ட்ரி எது? மோர் கொண்டுவந்த அப்பா திரையைப் பார்த்துவிட்டு, "ஒன்று பச்சை, இரண்டு சிவப்பு. தலைமடை நிரம்பிவிட்டது, கடைமடைக்கு ஏறவில்லை. அப்படித்தானே தம்பி?" என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

'பத்தாயம்:5000' என்று திருத்தியதும் பிழை மாறியது: எச்டிடிபிஎஸ் கேட்டவனுக்குச் சர்வர் எச்டிடிபி-யில் பதில் தந்தது என்று. பிழை மாறினால் நகர்கிறோம் என்று பொருள். எனக்குத் தெம்பு வந்தது. சான்றிதழ் இல்லாத, அதாவது எச்டிடிபி-யில் மட்டும் பேசும் ரெஜிஸ்ட்ரியை ஏற்கும்படி கே3எஸ்-க்குச் சொல்வதற்கு 'ரெஜிஸ்ட்ரீஸ்.யாமல்' கோப்பு இருக்கிறது. அதில் 'மிரர்ஸ்' என்பதன் கீழ் எழுதும் பெயர், இமேஜ் பெயரில் உள்ளது போலவே போர்ட் எண்ணோடு இருக்க வேண்டும். நான் முதலில் 5000-ஐ விட்டுவிட்டேன். கே3எஸ் ஒரு எச்சரிக்கையும் தராது. அந்த வரியைப் பொருந்தாதது என்று கடந்துவிடும். 'எண்ட்பாயிண்ட்' வரியில் எச்டிடிபி என்பதை வெளிப்படையாக எழுதுவதும் கட்டாயம்.

மூன்றாம் இரவுதான் என்னை உண்மையாகவே வதைத்தது. கோப்பை மூன்று நோடுகளிலும் வைத்தேன்; அது ஒவ்வொரு நோடுக்கும் தனித்தனியாக வேண்டும், சர்வரில் வைத்தால் பரவாது. சரிபார்க்க 'சிடிஆர்' கருவியால் இழுத்துப் பார்த்தேன். மூன்றிலும் தோல்வி. கோப்பை மூன்று முறை திருத்தினேன், உள்தள்ளலை எண்ணினேன், மீண்டும் மீண்டும் கே3எஸ் சர்வீஸைத் தொடங்கினேன். சிடிஆர், இமேஜை இழுத்து ஓட்டும் அடித்தள மென்பொருளான கண்டெய்னர்டியிடம் நேராகப் பேசும் கருவி. கே3எஸ் எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரி அமைப்பை அது தானாகப் படிக்காது. குபர்நெட்டிஸ் போகும் வழியிலேயே போவது 'கிரிக்டில்'. அதைக் கொண்டு குறுவையில் இழுத்தேன். மூன்று நொடியில் வந்துவிட்டது. கோப்பு எப்போதோ சரியாகிவிட்டிருக்கிறது. நான் தவறான தராசில் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் சம்பாவிலும் தாளடியிலும் கிரிக்டிலும் தோற்றது. அந்தக் கோப்பைக் கே3எஸ் தொடங்கும்போது மட்டுமே படிக்கும். ஏஜென்ட் நோடுகளில் சர்வீஸின் பெயர் 'கே3எஸ்' அல்ல, 'கே3எஸ்-ஏஜென்ட்'. மூன்றுக்கும் ஒரே கட்டளையை அனுப்பிய என் ஸ்கிரிப்ட், அப்படி ஒரு சர்வீஸ் இல்லை என்ற பதிலை விழுங்கியிருந்தது. பெயரைத் திருத்தித் தொடங்கினேன், இரண்டிலும் இழுத்தது. பாட்கள் மட்டும் சிவப்பாகவே நின்றன. பதற வேண்டாம்: தோல்விக்குப் பின் காத்திருப்பு இரட்டிப்பாகி 5 நிமிடம் வரை போகும். பாட்டை அழித்துவிட்டால் புதிது உடனே இழுக்கும். அழித்தேன், பச்சை வந்தது. பக்கத்து அறையில் தூங்கிய அப்பாவை எழுப்பிக் காட்டினேன்.

சாமான்கள் பற்றி ஒரு வார்த்தை. மூன்று ராஸ்பெரி பைகளும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து மாமா வாங்கி வந்தவை, குறையில்லை. தஞ்சாவூரில் ஒரு கடையில் வாங்கிய மலிவு அடாப்டர்தான் தாளடியை அடிக்கடி மின்னழுத்தக் குறைவு எச்சரிக்கையில் தள்ளியது. 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அசல் அடாப்டர் வாங்கிய பின் நின்றது. அடாப்டரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, இங்கே மின்சாரம் போய்வந்தால் பதிவின் நேரம் பிசகுகிறது. அதற்கு டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு ஒன்று சொல்லியிருக்கிறேன்.

ரெஜிஸ்ட்ரிக்குச் சான்றிதழ் போடும் வேலை அப்படியே நிற்கிறது. அதற்குள் மனம் வாய்க்காலுக்குப் போய்விட்டது. நீர் புகாத மீயொலி உணரி வந்து சேர்ந்திருக்கிறது. முகத்துக்கு முன்னால் சுமார் 25 செ.மீ. வரை அதற்குக் கண் தெரியாது, ஆகவே வெள்ள மட்டத்துக்கும் மேலே அந்த அளவு உயரத்தில் கட்ட வேண்டும். கம்பம் வெட்டி வைத்தாகிவிட்டது. முறைப்பாசனத்தில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் நிற்கும் நாளில் நட வேண்டும்.